வாக்குமூலம் பதிவோரின் பணி: போருக்குப் பிந்திய இலங்கையில் கோப்பும் நீதிமன்றமும்

போர் முடிந்த நாடொன்றில் பொறுப்புக்கூறல் என்பது, எவர் எவருக்கு என்ன இழைத்தார் என்பதை நிறுவி, இழைத்தவரைச் சட்டத்தின் முன் நிறுத்தி, இழந்தவருக்கு உரிய பரிகாரம் கிடைக்கச் செய்யும் நீண்ட நடைமுறையாகும். அந்நடைமுறையின் வரலாற்றில் நீதிபதிகளின் பெயரும் ஆணையாளர்களின் பெயரும் இடம்பெறுகின்றன. அவர்களுக்கு முன்பே பாதிக்கப்பட்டவரின் வீட்டுத் திண்ணையிலோ தேவாலய மண்டபத்திலோ அமர்ந்து, அவர் சொன்னதைக் கேட்டு எழுதிய வாக்குமூலப் பதிவாளரின் பெயர் எங்கும் வருவதில்லை என்பதுடன், இலங்கை போன்ற நாட்டில் பாதுகாப்புக் கருதி அது வரவும் கூடாது. 1983இல் மூண்டு 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இப்பணியைச் செய்தவர்கள் சட்டத்தரணிகள், குருமார், கன்னியாஸ்திரிகள், பெண்கள் அமைப்புகளின் களப் பணியாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பல வகையினர். எவரையும் அழைத்து விசாரிக்கவோ, எந்த முகாமின் பதிவேட்டையும் கேட்டுப் பெறவோ அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. கொப்பியும் பேனையும், பொறுமையாகக் கேட்கும் பழக்கமும், எழுதியதை ஒளித்து வைக்க ஓர் இடமும் கொண்டே அவர்கள் இப்பணியை நடத்தினர்.

இத்தொழிலுக்கு அந்நாட்டில் ஒரு முன்மரபு உண்டு. 1988இல் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை, இந்திய அமைதிப்படை, இலங்கைப் படைகள், விடுதலைப் புலிகள், ஏனைய ஆயுத இயக்கங்கள் என எத்தரப்பின் செயலையும் ஒரே அளவுகோலால் அளந்து பதிவுசெய்தது. அதன் தூண்களில் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழர்கள் அக்கொலைக்குப் புலிகளே பொறுப்பு என்று எழுதி, பின்னர் தலைமறைவாக இருந்துகொண்டே பணியைத் தொடர்ந்தனர். பிற்காலத்துப் பதிவாளர்கள் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட முதல் விதி, ஒரு வாக்குமூலத்தின் எந்தப் பாதி எவருக்குச் சங்கடம் தருகிறது என்பதைப் பதிவாளர் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதாகும்.

இவ்விதி எளிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் மிகக் கடினமானது. 2009இல் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்த தாயொருவரின் கதை, பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்குகிறது. வீட்டுக்கு ஒருவர் என்ற விதியின் கீழ்ப் புலிகள் அம்மகனைக் கட்டாயமாகக் கொண்டுசென்றதும், அவன் ஓடிவந்து ஒளிந்ததும், மீண்டும் பிடிக்கப்பட்டதும், இறுதி நாட்களில் சீருடையைக் கழற்றிவிட்டுக் குடும்பத்தோடு சேர்ந்ததும் அக்கதையின் முற்பகுதியாகும். அம்முற்பகுதியை விட்டுவிடும்படி உறவினர் கேட்பதுண்டு, அயலவர் அறிவுரை கூறுவதுண்டு, சில அமைப்புகளே அதனை விரும்பாததும் உண்டு. விட்டுவிட்டு எழுதப்பட்ட வாக்குமூலம் கேட்பதற்கு இரக்கம் தருவதாயினும், குறுக்கு விசாரணையின் முதற் கேள்வியிலேயே உடைந்துவிடும், ஏனெனில் மகன் இயக்கத்தில் இருந்ததை அரச தரப்பு எப்படியும் அறிந்திருக்கும். சரணடைந்த போராளியைக் கொல்வதும் மறைத்து வைப்பதும் போர்ச் சட்டத்தின்படி குற்றமே என்பதால், முற்பகுதியை மறைப்பதால் தாய்க்குச் சட்டத்தில் எந்த நன்மையும் இல்லை என்பதை விளக்கிச் சொல்வதும் பதிவாளரின் வேலையாகவே இருந்தது.

வாக்குமூலம் பதிவதன் நுட்பம், சொல்பவர் கண்டது, கேள்விப்பட்டது, ஊகித்தது ஆகிய மூன்றையும் அவர் மனம் புண்படாமல் பிரித்தெடுப்பதில் உள்ளது. “பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்” என்ற ஒரு வாக்கியத்துக்குள், பஸ் நின்றதைக் கண்டது, மகன் அதில் ஏறியதை அருகில் நின்ற பெண் சொல்லக் கேட்டது, அது ஓமந்தைச் சோதனைச்சாவடிக்குப் போயிருக்கும் என்று பின்னர் எண்ணிக்கொண்டது ஆகிய மூன்றும் கலந்திருக்கக் கூடும். பயிற்சியற்ற பதிவாளர் இதனை ஒரே உண்மையாக எழுதிவிடுவார். பயின்றவர் பஸ்ஸின் நிறம், அப்போது அவர் நின்ற இடம், இடையில் இருந்த தூரம், வெயில் எந்தப் பக்கம் அடித்தது, அருகில் நின்ற பெண்ணின் ஊர் ஆகியவற்றைக் கேட்டு மூன்றையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதுவார். கேள்விப்பட்டது பயனற்றது என்பது இதன் பொருளன்று. அது அடுத்த சாட்சியை நோக்கிச் செல்லும் வழியைக் காட்டுவதால், தன் பெயரோடு கோப்பில் இருக்க வேண்டும்.

திகதியை நிறுவுவது இதனினும் பெரிய வேலையாக இருந்தது. வன்னியில் இறுதி மாதங்களைக் கழித்தவர்களிடம் நாட்காட்டி இருக்கவில்லை, இருந்தாலும் அதனைப் பார்க்கும் நிலை இருக்கவில்லை. ஆனால் இடம்பெயர்ந்த ஊர்களின் வரிசையை அவர்கள் மறப்பதில்லை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், வலைஞர்மடம், இரட்டைவாய்க்கால், முள்ளிவாய்க்கால் என்று மேற்கிலிருந்து கிழக்காகக் கடல்வரை நீளும் அவ்வரிசையையே பதிவாளர்கள் நாட்காட்டியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி படையினர் வசமானது; அம்மாதம் 20ஆம் திகதியளவில் முதலாவது பாதுகாப்பு வலயமும், பெப்ரவரி 12ஆம் திகதி கடற்கரையோரத்தில் இரண்டாவதும், மே 8ஆம் திகதி அதனினும் சுருங்கிய மூன்றாவதும் அரசினால் அறிவிக்கப்பட்டன; ஏப்ரல் 20ஆம் திகதி புதுமாத்தளனில் மண் அணை உடைக்கப்பட்டு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையினர் பகுதிக்குள் வந்தனர். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பெப்ரவரியிலிருந்து மே 9 வரை காயப்பட்டோரையும் துணையாகச் சென்றோரையும் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவொன்று இயங்கியது. இவை அனைத்தும் பிறரால் சுயமாகப் பதியப்பட்ட திகதிகளாதலால், “கப்பல் வந்து போன மறுநாள் செல் விழுந்தது” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த மறுநாளை இரண்டொரு திகதிகளுக்குள் அடக்கிவிட முடிந்தது. திகதி தெரியாது என்று மட்டும் எழுதப்பட்ட வாக்குமூலம் வழக்கில் நிற்பது கடினம்; தெரியாத திகதியைத் தெரிந்ததுபோல் எழுதிய வாக்குமூலமோ அவ்வழக்கையே கெடுத்துவிடும்.

மே 17, 18, 19 ஆகிய மூன்று நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தோரின் வாக்குமூலங்கள் தனி வகையைச் சேர்ந்தவை. இயக்கத்தில் ஒரு நாளாவது இருந்தவர்கள் பதிவு செய்யுமாறு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதைக் கேட்டு, மனைவியர் கணவரையும், தாய்மார் பிள்ளைகளையும், சில இடங்களில் கைக்குழந்தைகளோடு முழுக் குடும்பங்களையும் இராணுவத்திடம் ஒப்படைத்தனர். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் சரணடைவோரின் பெயர்களை எழுதி உடன் சென்றார் என்பதும், அவரும் திரும்பவில்லை என்பதும் பல வாக்குமூலங்களில் ஒத்து வருகின்றன. பொதுவான காணாமல் ஆக்கப்படுதல், அதாவது அரச முகவர்களோ அவர்களின் ஒப்புதலுடன் செயற்படுவோரோ ஒருவரைப் பிடித்துச் சென்று பின்னர் பிடித்ததையே மறுக்கும் குற்றம், பெரும்பாலும் இரவில், சாட்சி இன்றி, இலக்கத்தகடற்ற வாகனத்தில் நடப்பது. வட்டுவாகலில் நடந்ததோ பகலில், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, உறவினரே கையால் ஒப்படைத்த நிகழ்ச்சி. சாட்சிப் பஞ்சம் என்ற வழக்கமான சாக்கு அங்கே செல்லாது.

அந்நாட்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தொகையைக் கணிக்கப் பின்னர் ஒரு முறை கையாளப்பட்டது. வெவ்வேறு அமைப்புகள் ஒன்றையொன்று பாராமல் தயாரித்த பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, எத்தனை பெயர்கள் பல பட்டியல்களிலும் திரும்ப வருகின்றன, எத்தனை ஒன்றில் மட்டும் வருகின்றன என்று பார்த்தால், எப்பட்டியலிலும் சேராமல் விடுபட்டோரின் தொகையைப் புள்ளியியல் வழியில் மதிப்பிடலாம். 2018இல் இம்முறையால் கிடைத்த மதிப்பீடு ஏறத்தாழ 500 பேர். அரசியல் மேடைகளில் சொல்லப்படும் எண்களை விட இது சிறியது என்பதால் சிலருக்கு ஏமாற்றம் அளித்தது. ஆனால் பெயர்களோடு நிற்கும் பட்டியல்களிலிருந்து எழுந்த மதிப்பீடு, எவரும் எதிர்வாதம் செய்து எளிதில் கரைத்துவிட முடியாத ஒன்றாகும்.

எண்ணைக் கையாள்வதில் இதற்கு இணையான நேர்மையைக் காட்டிய இன்னொரு ஆவணம், மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கையளித்த சமர்ப்பணமாகும். அவர் எடுத்துக்கொண்டவை அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களே. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் எனக் கச்சேரிகள், அதாவது மாவட்டச் செயலகங்கள், பதிந்திருந்த தொகை 4,29,059. போர் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோராகப் பதியப்பட்ட தொகை 2,82,380. இரண்டுக்கும் இடையே உள்ள 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அவ்வெண் இறந்தோரின் தொகை என்று அவர் சொல்லவில்லை. வேறு வழியில் வெளியேறியவர்களும், பதிவில் இரட்டித்தவர்களும், பதியாமல் தங்கியவர்களும் அதில் இருக்கக்கூடும். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 ஏப்ரலில், இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டை மறுக்க முடியாது என்றது. ஆயரின் கழித்தல் கணக்குக்கு விடை சொல்லும் கடமை கணக்கை வைத்திருந்த அரசுக்கே உரியது. அவ்விடை இன்றுவரை வரவில்லை.

இங்கே ஆணைக்குழுக்களின் வரலாற்றைச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. ஆணைக்குழு அமைப்பதில் இலங்கை ஆட்சியாளர்களுக்கு இருந்த ஊக்கம், அதன் அறிக்கையை அச்சிடுவதில் இருந்ததில்லை. 1991இல் பிரேமதாச காலத்தில் ஒன்று. 1994இல் சந்திரிகா குமாரதுங்க அமைத்த மூன்று வலய ஆணைக்குழுக்கள். அவை முடிக்காமல் விட்டவற்றை விசாரிக்க 1998இல் அகில இலங்கை ஆணைக்குழு. 2006இல் உடலாகம ஆணைக்குழுவும் அதனைக் கண்காணிக்க, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதியின் தலைமையில் சர்வதேச நிபுணர் குழுவும். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு. மூன்று வலய ஆணைக்குழுக்கள் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமல் ஆக்கப்பட்டதற்குச் சான்று உண்டு எனக் கண்டன. அவர்களிற் பெரும்பகுதியினர் 1987 முதல் 1990 வரையிலான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் மறைந்த சிங்கள இளைஞர்கள் என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளல் நன்று. பகவதியின் குழு, சட்டமா அதிபர் திணைக்களத்தின் தலையீடு உள்ளிட்ட குறைகளைச் சுட்டி 2008இல் விலகிக்கொண்டது. பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 5,000 காணாமற்போன படையினரின் குடும்பங்கள் கொடுத்தவை. இத்தனைக்கும் பின்னர் 2021 ஜனவரியில், முந்திய ஆணைக்குழுக்கள் என்ன கண்டுபிடித்தன என்பதை ஆராய்வதற்கென்றே இன்னுமோர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது.

பதிவாளர்களின் கண்ணில் இவ்வரலாறு ஒரு தாயின் கைப்பையாகவே தெரிந்தது. அதில் பொலிஸ் முறைப்பாட்டின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கமிட்ட கடிதம், செஞ்சிலுவைக் குழுவின் பதிவட்டை, நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கொடுத்த சத்தியக்கடதாசியின் பிரதி, பரணகம ஆணைக்குழுவின் அழைப்பாணை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இறுக உறையிட்ட புகைப்படம் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் முந்தியது கேட்டதையே முதலிலிருந்து கேட்டதால், ஒரே தாயின் வாக்குமூலம் ஐந்தாறு வடிவங்களில், வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர்களின் கைபட்டு, சிறுசிறு முரண்பாடுகளோடு அரச அலுவலகங்களில் கிடக்கிறது. நேர்மையான சாட்சி பலமுறை சொல்லும்போது சொற்கள் மாறுவது இயல்பு. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கையில் அம்முரண்பாடுகள் அத்தாய்க்கு எதிரான சான்றாகின்றன. மீண்டும் மீண்டும் சாட்சியம் கேட்பது அக்கறையின் அடையாளமாகக் காட்டப்பட்டது; உண்மையில் அது சாட்சியத்தைத் தேயச் செய்தது. ஆகவே அனுபவமுள்ள பதிவாளர், புதிதாக எழுதத் தொடங்குமுன் கைப்பையில் உள்ள அத்தனை பிரதிகளையும் வாசித்து, வேறுபடும் இடங்களைத் தாயிடமே கேட்டு, வேறுபாட்டுக்கான காரணத்தையும் வாக்குமூலத்தில் சேர்த்துவிடுவார்.

ஆணைக்குழுவின் முன் சொல்லப்பட்டது ஏன் நீதிமன்றத்தை எட்டுவதில்லை என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, இறந்துபோன அல்லது வர இயலாத சாட்சி முன்னர் அளித்த சாட்சியத்தைப் பின்வரும் வழக்கில் ஏற்கலாம். ஆனால் முன்னைய நடவடிக்கையும் அதே தரப்பினரிடையே நடந்திருக்க வேண்டும், அதே விடயம் அங்கே பிரச்சினைக்குரியதாக இருந்திருக்க வேண்டும், எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணையின்றி ஆணையாளர் முன் அழுதுகொண்டே சொல்லப்பட்டவை இந்நிபந்தனைகளுக்கு வெளியே நிற்கின்றன. ஆணைக்குழு திரட்டிய சான்றுகளைக் கொண்டு சட்டமா அதிபர் வழக்குத் தொடரலாம் என்று 2008இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மை. திருத்தம் ஏட்டிலும் கோப்புகள் அலுமாரியிலும் இருந்துகொண்டன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி, 2018இல் ஏழு உறுப்பினர்களோடு இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்தைப் பற்றி அச்சட்டமே, அதன் கண்டுபிடிப்புகள் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ தோற்றுவிக்கா என்று கூறுகிறது. 2018இல் காணாமல் ஆக்குதலை 20 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிய சட்டமும் வந்தது. அது பழைய நிகழ்வுகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்ற வாதம் தனியானது.

இந்நிலையில் பதிவாளர்களிற் பலர் மெல்ல மெல்லச் சார்ந்துநின்ற வழி ஆட்கொணர்வு மனுவாகும். பிடித்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருமாறு கட்டளையிடக் கோரும் இம்மனு, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பின்னர் மாகாண மேல் நீதிமன்றங்களிலும் தாக்கல் செய்யக்கூடியது. வட்டுவாகலில் உறவினரை ஒப்படைத்தோர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தொடுத்த மனுக்கள் விசாரணைக்காக முல்லைத்தீவு நீதவானிடம் சென்று, ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. மனைவியர் சாட்சிக் கூண்டில் ஏறி அரச சட்டத்தரணியின் கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். சரணடைந்தோரின் பட்டியல் கேட்கப்பட்டபோது புனர்வாழ்வு முகாம்களில் இருந்தோரின் பட்டியல் நீட்டப்பட்டது. 2022 டிசெம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், திருகோணமலை மாவட்டப் புலிகளின் அரசியற்றுறைப் பொறுப்பாளராக இருந்த எழிலன் தொடர்பான மனுவில், அவரை நீதிமன்றத்தில் முற்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. அவர் முற்படுத்தப்படவில்லை. எனினும் ஒப்படைத்தேன் என்ற மனைவியின் சொல், குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்று, நீதிமன்றமொன்றின் முடிவாக மாறியது. எல்லா ஆணைக்குழு அறிக்கைகளையும் சேர்த்து வைத்தாலும் அவ்வொரு முடிவின் எடைக்கு ஈடாகாது என்பது இத்தொழிலில் இருந்தோரிற் பலரின் மதிப்பீடு.

எலும்புகளைக் கையாளும் பகுதி வேறொரு கல்வியைக் கோரியது. மனிதப் புதைகுழி கண்டறியப்பட்டால் நீதவானின் கட்டளையோடு, சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் இணைந்து அகழ்வு நடத்துவர். பதிவாளரின் பங்கு, அகழ்வுக்கு முன்பே குடும்பங்களிடமிருந்து அடையாளக் குறிப்புகளைத் திரட்டி வைப்பதாகும். உயரம், பல் கட்டியிருந்தாரா, எலும்பு முறிந்து பொருந்திய இடம், கடைசியாக உடுத்தியிருந்தது என்பவற்றோடு, போர்ப்பகுதியில் வாழ்ந்தவருக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு: முன்பு செல்பட்டு உடலில் எடுக்காமல் விட்ட துண்டு எங்கே இருந்தது? எலும்பில் தங்கிய அத்துண்டு சில வேளைகளில் பல்லினும் நல்ல அடையாளமாகும். குடும்பங்களின் மரபணு மாதிரிகள் முறையாகச் சேகரிக்கப்படாத நாட்டில் இக்குறிப்புகளின் பெறுமதி அதிகம்.

புதைகுழிகளைக் குறித்து அவசரப்பட்டுப் பேசக் கூடாது என்பதை மன்னார் கற்பித்தது. அங்கே 2018இல் சதொச கட்டட வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது, அவை போர்க்காலத்தவை என்றே பலரும் நம்பினர். மாதிரிகளைப் புளோரிடாவுக்கு அனுப்பிச் செய்த கரிமக் கணிப்பு, அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று 2019 மார்ச்சில் கூறியது. அம்முடிவின் மீது கேள்விகள் எழுந்தன. ஆனால் அதற்கு முன்பே உறுதியாகப் பேசியவர்களின் சொல், அடுத்த புதைகுழியில் மதிப்பிழந்தது. கொக்குத்தொடுவாய் அவ்வாறன்று. 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்டு, அகழ்வு முடிவில் 52 பேரின் எச்சங்கள் கிடைத்த அவ்விடத்தில், புலிகளின் சீருடையும் இலக்கத் தகடுகளும் உடன் கிடைத்தமையால் காலமும் தரப்பும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தன. செம்மணியின் வரலாறு இன்னும் பழையது. 1996இல் யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவியும் அவருடைய தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்ற படையினர் ஒருவர், அப்பகுதியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்களே எடுக்கப்பட்டன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட, அவ்வாண்டிலேயே 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. பள்ளிப்பையும் பொம்மையும் அவற்றோடு இருந்தன. 1998இல் சொல்லப்பட்ட வார்த்தையைப் புலனாய்வுத் திணைக்களம் அன்றே முழுதாகப் பின்தொடர்ந்திருந்தால் 27 ஆண்டுகள் வீணாகியிரா.

கிழக்கில் குருக்கள்மடத்தில் 1990இல் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டதாகக் கூறப்படும் முஸ்லிம்களின் புதைகுழியும், முறைப்பாடு இருந்தும், இவ்வாறே நீண்டகாலம் தோண்டப்படாமல் கிடந்தது என்பதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களின் வாக்குமூலங்கள் தமிழ் அமைப்புகளின் கோப்புகளில் மிக அரிதாகவே காணப்படுகின்றன என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். இது பதிவாளர் சமூகத்தின் குறை. அதற்கு அரசைக் குற்றஞ்சாட்ட முடியாது.

கோப்பு நன்றாக அமைந்தாலும் வழக்கு நிலைக்கும் என்ற உறுதி இல்லை. திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சாட்சிகள் அச்சுறுத்தலால் நாட்டை விட்டு வெளியேறிய நிலையில், குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டனர். மிருசுவில் வழக்கு அதற்கு மாறானது. 2000 டிசெம்பரில், தம் வீட்டைப் பார்க்கச் சென்ற எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்ட அவ்வழக்கில் தப்பிவந்த ஒருவரின் சாட்சியம் தொடக்கத்திலேயே நீதவான் முன் பதியப்பட்டு, இடம் அடையாளம் காட்டப்பட்டு, உடல்கள் உடனே எடுக்கப்பட்டமையால், 2015இல் படையினர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதும், 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்ததும் இயன்றது. 2020 மார்ச் 26ஆம் திகதி, நாடு கொரோனா முடக்கத்தில் இருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அக்கைதிக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். பத்தொன்பது ஆண்டு உழைப்பை ஒரு கையொப்பம் கழித்துவிட்டது. ஆயினும் தீர்ப்பை அது அழிக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பதிவாளரிடம் தாய்மார் மிகுதியாகக் கேட்ட ஆலோசனை அதனைக் குறித்ததே. 2010இல் வந்த தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் அறிமுகமானது. 2022இல் ஒருமுறைக் கொடுப்பனவாக 1,00,000 ரூபாய் வழங்க அமைச்சரவை இசைந்தது. வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளையின் பாடசாலை அனுமதி என எதற்கும் கணவரின் கையொப்பம் கேட்கப்படும் குடும்பத்தில் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னும், அதனையடுத்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பந்தலிட்டு அமர்ந்த தாய்மார் பணத்தை மறுத்தனர். வீட்டில் பசியிருந்த வேறு சிலர் வாங்கினர். இரண்டு முடிவுகளையும் தீர்ப்பின்றிக் கோப்பில் குறிப்பதே பதிவாளர் செய்யத்தக்கது. கொடுப்பனவு பெற்றதால் வழக்குத் தொடரும் உரிமை அழிவதில்லை என்பதை எழுத்தில் கொடுத்தனுப்புவது அதனினும் பயனுள்ளது.

2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையின் 46/1 இலக்கத் தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் அலகொன்றை ஜெனீவாவில் அமைத்தது. அதன் ஆணை பின்னர் நீடிக்கப்பட்டு வருகிறது. வேற்று நாட்டு நீதிமன்றங்கள், உலகில் எங்கு நடந்தாலும் சித்திரவதை, போர்க்குற்றம் போன்றவற்றை விசாரிக்கும் அனைத்துலக நியாயாதிக்கம் என்ற கோட்பாட்டின் கீழ் வழக்குத் தொடரும்போது இக்களஞ்சியம் உதவும். ஆயினும் சான்று இல்லை என்பது இலங்கையின் குறையாக ஒருபோதும் இருந்ததில்லை. இல்லாதது, அரசுக்காக வாதாடும் சட்டமா அதிபரிலிருந்து வேறுபட்ட, சுயேச்சையான வழக்குத்தொடுநர் அலுவலகம் ஒன்றும், பழைய ஆணைக்குழுக்களின் கோப்புகளைப் பெற்று அவ்வலுவலகத்துக்குக் கையளிக்கும் சட்டக் கட்டளை ஒன்றுமே. இவ்விரண்டும் வரும்வரை புதிய உண்மை ஆணைக்குழு எதுவும் தாய்மாரிடம் முதலிலிருந்து கேட்கத் தகுதியுடையதன்று.

பந்தலில் அமர்ந்த தாய் தந்தையரிற் பலர் இறந்துவிட்டனர். எஞ்சியோரின் பத்திரங்கள் பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. அவற்றை வைத்திருப்போர், மூலப் பத்திரத்தை எந்த அலுவலகத்திடமும் எந்த அமைப்பிடமும் கொடுக்காமல் பிரதியை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டவரின் பெயர், பதவி, திகதி ஆகியவற்றோடு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மை மங்கும் பழைய போட்டோப் பிரதிகளை உடனே மறுபிரதி எடுத்து, ஒன்றை நாட்டுக்குள்ளும் ஒன்றை நாட்டுக்கு வெளியிலும் வைக்க வேண்டும். முதியவர் நினைவோடு இருக்கும்போதே அவரை ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்று, முழு வாக்குமூலத்தையும் சத்தியக்கடதாசியாக முடித்துவிட வேண்டும்.